டெஸ்டில் 46 மார்க், வேலையில் திணறல்: பைத்தான் தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

கோவையில் 22 பேர் வேலை பார்க்கும் சிறிய சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருப்பூர் பின்னலாடை யூனிட்டுகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்து கொடுக்கிறார். எல்லாம் பைத்தான் என்ற நிரல்மொழியில், அதில் இணைய மென்பொருள் எழுத உதவும் ஜாங்கோவில். போன வருடம் 50 கேள்வி கொண்ட அப்ஜெக்டிவ் டெஸ்ட் வைத்து, 46 மார்க் எடுத்த இளைஞர் ஒருவரை எடுத்தார். எட்டு மாதம் ஆகிவிட்டது. புதிதாக ஏதாவது எழுதச் சொன்னால் அவர் எழுதிவிடுகிறார். பழைய மாட்யூலை, அதாவது மென்பொருளின் ஒரு பகுதியைத் திறந்து தப்பு எங்கே என்று பார்க்கச் சொன்னால் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது இன்னும் இரண்டு பேர் வேண்டும். பங்குதாரரான மச்சான், "டெஸ்டை இன்னும் கஷ்டமாக்குவோம், ஆன்லைனில் வெப்கேம் போட்டு நடத்துவோம்" என்கிறார். சீனியர் டெவலப்பரோ, "வீட்டுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்து இரண்டு நாள் டைம் தருவோம். பாக்கி கிடக்கிற ஸ்டாக் ரிப்போர்ட்டையே கொடுத்தால் நமக்கும் ஒரு வேலை முடியும்" என்கிறார். எந்த டெஸ்டை நம்பலாம், சாட்ஜிபிடி பார்த்து எழுதுபவரை எப்படிப் பிடிப்பது, டெஸ்ட் என்றாலே முகம் சுளிக்கும் அனுபவசாலிகளுக்கு விலக்கு கொடுக்கலாமா, ஏற்கெனவே எடுத்தவரை அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

பதில்:

வணக்கம். கடிதத்தோடு உங்கள் வினாத்தாளையும் விடைகளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு சங்கடமான விஷயம். உங்கள் 50 கேள்விகளில் ஆறுக்கு நீங்கள் வைத்திருக்கும் விடை தவறு, அல்லது காலாவதியானது. 3-ஐ 2-ஆல் வகுத்தால் 1 வரும் என்கிறது உங்கள் விடைத்தாள். அது பைத்தான் 2-இன் விடை. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்றைய பைத்தானில் 1.5 வரும். பெயரும் மதிப்பும் ஜோடியாகச் சேமிக்கும் டிக்‌ஷனரியில் நாம் போட்ட வரிசை காக்கப்படாது என்று வைத்திருக்கிறீர்கள். 2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து வரிசை காக்கப்படும் என்பது மொழியின் உத்தரவாதம். ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றுக்குப் பிரியும் ஸ்விட்ச் மாதிரியான வசதியே இல்லை என்கிறது இன்னொரு விடை; 2021-இல் 3.10 பதிப்போடு மேட்ச் வந்துவிட்டது. மீதி மூன்றும் இதே ரகம்தான். இந்தக் கேள்விகள் பத்து வருடமாக ஒரு இணையதளத்திலிருந்து இன்னொன்றுக்குக் காப்பியாகிக்கொண்டே இருக்கின்றன, விடையும் சேர்ந்தே.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 46 எடுத்தவர் நான்கு கேள்விகளில்தான் மார்க் இழந்திருக்கிறார். தவறான விடைகளோ ஆறு. ஆக, குறைந்தது இரண்டு தவறான விடைகளையாவது உங்கள் தாளில் இருக்கிறபடியே எழுதியிருந்தால்தான் 46 வரும். பைத்தானை இன்று தினமும் புழங்குகிறவர் அந்த ஆறிலும் அடிவாங்கியிருப்பார். அந்தத் தம்பி கேள்வி வங்கியைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வைத்த பரீட்சைக்கு அவர் நன்றாகத் தயாரானார், அவ்வளவுதான். அவருடைய விடைத்தாள் இருந்தால் எடுத்துச் சரிபாருங்கள்.

இன்னொரு கேள்வியையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வேரியபிள்களில் 257 என்று போட்டு, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று பார்க்கும் 'இஸ்' மூலம் ஒப்பிட்டால் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரணமாக நாம் பயன்படுத்தும் பைத்தான், மைனஸ் 5 முதல் 256 வரையிலான முழு எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளும். அதனால் 257-க்கு 'இல்லை' என்று வரும் என்பது உங்கள் விடை. வரிவரியாகத் தட்டிப் பார்த்தால் அப்படித்தான் வரும். அதையே ஒரு கோப்பில் எழுதி ஓட்டினால் பெரும்பாலும் 'ஆம்' என்று வரும். எங்கே ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் ஒரு சங்கதியைத் தெரிந்து வைத்திருப்பதால் திருப்பூர் யூனிட்டுக்கு என்ன லாபம்? எண்களை 'இஸ்' போட்டு ஒப்பிடக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதாதா? கடைசிப் பக்கத்துப் புதிர்க் கணக்குகளையும் எடுத்துவிடுங்கள். இந்த மாதிரிப் புதிர்கள் முழுக்க நேர விரயம் என்று கூகுளின் மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்.

அதற்காக அப்ஜெக்டிவ் டெஸ்டே வேஸ்ட் என்று அடுத்த பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ஆள் எடுக்கும் முறைகளில் எது பின்னாளைய வேலைத் திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 0 என்றால் கணிப்பே இல்லை, 1 என்றால் முழுக் கணிப்பு. வேலையின் ஒரு துண்டையே செய்யவைத்துப் பார்ப்பதற்கு 0.54, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.51, துறை அறிவுத் தேர்வுக்கு 0.48, அனுபவ ஆண்டுகளுக்கு வெறும் 0.18. பிறகு 2022-இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கு முறையிலேயே குறை இருக்கிறது என்று திரும்பப் போட்டார்கள். பெரும்பாலான எண்கள் இறங்கின. ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது, துறை அறிவுத் தேர்வு 0.40, மாதிரி வேலை 0.33. அனுபவ ஆண்டுகள் இன்னும் கீழே போனது. இவை எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள்; புரோகிராமர்களுக்கு மட்டுமானவை அல்ல. ஆனாலும் ஒன்று தெளிவு. நம்பகமான ஒற்றை டெஸ்ட் என்று எதுவும் இல்லை. எது முதலிடத்தில் இருக்கிறதோ அதுவே 0.42 தான். அதனால் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு அனுமானம் ஓடிக்கொண்டே இருக்கிறது: 'பைத்தான் தெரிந்த ஆள் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது.' ஜாவா நன்றாகத் தெரிந்த ஒருவர் பைத்தானின் இலக்கணத்தைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார். ஆறு வருடம் முன்னால் வேறொருவர் எழுதிவிட்டுப் போன கோடை, அதாவது நிரலை வாசித்து, எங்கே கை வைத்தால் எது உடையும் என்று கணிக்கும் பழக்கம் அப்படி வராது. உங்களுக்குக் குறைவாக இருப்பது அதுதான். உங்கள் டெஸ்ட் அதைத் தொடவே இல்லை. உங்கள் வாடிக்கையாளர்களையே பாருங்களேன். திருப்பூரில் டெய்லர் எடுக்கும்போது ஓவர்லாக் மிஷின் பற்றிக் கேள்வித்தாள் கொடுப்பதில்லை; மிஷினில் உட்காரவைத்து நாலு பீஸ் அடிக்கச் சொல்கிறார்கள்.

ஒன்றரை மணி நேர மாதிரி வேலை

நான் சிபாரிசு செய்வது இது. முதலில் கால் மணி நேரத்துக்கு ஒரு சின்ன வடிகட்டல். 2007-இல் பிரபலமான ஃபிஸ்பஸ் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1 முதல் 100 வரை எழுது, 3-இன் மடங்குக்கு ஒரு சொல், 5-இன் மடங்குக்கு இன்னொரு சொல். அத்தனை எளிதானதையும் எழுத முடியாமல் நிற்பவர்கள் உண்டு என்பதால்தான் அது பெயர் பெற்றது. இப்போது அது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் பதில் உங்கள் சரக்கிலிருந்தே ஒன்று கொடுங்கள்: பனியன் சைஸும் எண்ணிக்கையும் கொண்ட ஒரு பட்டியல், சைஸ்வாரியாக மொத்தம் எத்தனை பீஸ் என்று சொல்ல வேண்டும். பத்து வரிக் கோடு. இதில் தேறாதவரிடம் மேற்கொண்டு நேரம் செலவிட வேண்டாம். அவர் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

அப்புறம்தான் முக்கியமான பகுதி. உங்கள் பில்லிங் மென்பொருளைப் போலவே, ஆனால் டெஸ்டுக்கென்றே எழுதிய 150 வரிப் புரோகிராம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அசல் வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், போன் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அதில் மூன்று தப்புகளை வேண்டுமென்றே வையுங்கள். வந்தவரிடம் தப்பு எங்கே என்று சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் போனில் எப்படிப் புகார் சொல்வாரோ அப்படிச் சொல்லுங்கள்.

முதல் புகார்: "முதல் பில் சரியா வருது. ரெண்டாவது பில்லுல முந்தின பார்ட்டி எடுத்த சரக்கும் சேர்ந்து வருது." காரணம், பில் உருவாக்கும் ஃபங்ஷனில், எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் டிஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட் கொடுத்திருப்பது. பைத்தான் அந்த லிஸ்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காது. ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே முறை உருவாக்கி அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். இது சுத்தமான பைத்தான் அறிவு. பைத்தானில் கொஞ்ச காலம் அடிபட்டவருக்கு உடனே பொறி தட்டும்.

இரண்டாவது: "சைஸ் ரிப்போர்ட்டுல 100, 105 எல்லாம் மேல வருது, 80, 85 கீழ வருது." சைஸ் எண்ணாக இல்லாமல் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்து வரிசையில் 1 என்பது 8-க்கு முன்னால். இதைக் கண்டுபிடிக்கப் பைத்தான் மேதை தேவையில்லை. வரிசைப்படுத்தும் இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுகிறாரா, தகவல் உள்ளே வரும் இடத்திலேயே திருத்துகிறாரா, அப்படித் திருத்தினால் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று வரும் சைஸ்கள் என்ன ஆகும் என்று யோசிக்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. "வரி சில பில்லுல ஒரு ரூபா குறையுது, சில பில்லுல சரியா இருக்கு." 250 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவீதம் என்றால் 12.50. பைத்தானின் ரவுண்ட் அதை 12 ஆக்கும். 270 ரூபாய்க்கு 13.50, அதை 14 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு, 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாயாக்கச் சொல்கிறது. ஆக 12.50 என்பது 13. பைத்தானோடு வரும் டெசிமல் மாட்யூலை எடுத்து, பாதியை மேலே தள்ளும் முறையைக் குறிப்பிட்டால் தீர்ந்தது. வேலைக்கு வருகிறவர் 170-வது பிரிவைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "சார், 12.50 வந்தால் 12-ஆ 13-ஆ? உங்க ஆடிட்டர் என்ன சொல்றார்?" என்று கேட்கிறாரா? கேட்டால் முழு மார்க் போடுங்கள். தானாக ஒன்றை முடிவு செய்துகொண்டு கம்பீரமாக நடப்பவரால்தான் பின்னால் உங்களுக்குப் போன் வரும்.

மூன்றையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டை முடித்து மூன்றாவதை எப்படித் தேடுவேன் என்று சொன்னாலும் போதும். இணையம், பைத்தான் ஆவணங்கள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். உங்கள் ஆபீஸில் அப்படித்தானே வேலை நடக்கிறது?

டெஸ்டை வெளி ஆட்களுக்குக் கொடுக்கும் முன் உங்கள் டெவலப்பர்கள் இரண்டு பேரைச் செய்யச் சொல்லுங்கள். சீனியருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் டெஸ்ட் பெரிது, குறையுங்கள். மதிப்பெண் தாளை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: தப்பைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தாரா, காரணத்தைச் சொன்னாரா, திருத்தம் வேறெதையும் உடைக்கவில்லையா, தெரியாததைக் கேட்டாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. நீங்களும் சீனியரும் தனித்தனியாக மார்க் போட்ட பிறகே பேச வேண்டும். பேசிவிட்டுப் போட்டால் உங்கள் மார்க்தான் அவர் மார்க்காக இருக்கும், முதலாளி நீங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் ஊரில் பெரிய விஷயம். கேள்வியைத் தமிழிலும் கேளுங்கள், தமிழில் விளக்கவும் விடுங்கள். கலைக் கல்லூரியில் பிசிஏ முடித்து வருகிறவர் ஆங்கிலத்தில் திக்குவதைப் பைத்தான் தெரியாததாக எடுத்துக்கொள்ளும் நேர்காணல்கள் நிறைய நடக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர்கள் தமிழில்தான் புகார் சொல்கிறார்கள்.

சாட்ஜிபிடியைப் பிடிப்பது பற்றி

பிடிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ எழுதியது இது என்று சொல்லும் கருவிகளை நம்பி ஒருவரை மோசடிக்காரர் என்று முத்திரை குத்தாதீர்கள். பத்து வரி பைத்தானை நன்றாக எழுதினால் மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே சொன்ன 150 வரியை அப்படியே ஒட்டினால் முதல் தப்பை அது நொடியில் சொல்லிவிடும். அதனால் எது அனுமதி, எது இல்லை என்பதை நீங்கள் தீர்மானித்து, அழைப்பு மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

என் யோசனை: முதல் பாதி நேரம் ஏஐ இல்லாமல், ஆபீஸில் உங்கள் கணினியில். இரண்டாம் பாதியில் திறந்துவிடுங்கள். அது கொடுக்கும் திருத்தத்தில் எதை ஏற்கிறார், எதைத் தள்ளுகிறார் என்று பாருங்கள். பிறகு கோடைக் காட்டி, "ரிட்டர்ன் வந்த சரக்கை மைனஸ் பில்லாகப் போடணும், எங்கே கை வைப்பீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. புரிந்து எழுதியவர் அந்த இடத்துக்கு விரலை நகர்த்துவார். மற்றவர் மேலிருந்து வாசிக்க ஆரம்பிப்பார்.

ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ஆன்லைன் இன்டர்வியூவில் பேசுவதும் நடக்கிறது. ஒரு சுற்றாவது நேரில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியூரிலிருந்து வருகிறவருக்குப் பஸ் கட்டணம் கொடுத்துவிடுங்கள். தவறான ஆளுக்கு எட்டு மாதச் சம்பளம் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.

வீட்டு ப்ராஜெக்ட்: இங்கே சட்டம் குறுக்கே வரும்

சீனியர் டெவலப்பர் சொன்ன "நமக்கும் ஒரு வேலை முடியும்" என்பதை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பு வகையில் சேரும். எழுதியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-வது பிரிவு. வேலையின் பகுதியாக ஊழியர் எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. ஆனால் டெஸ்ட் எழுத வந்தவர் உங்கள் ஊழியர் இல்லை. அவர் எழுதிய ரிப்போர்ட் அவருடையது. அவரை எடுக்காமல் விட்டு, அந்தக் கோடை உங்கள் மென்பொருளில் சேர்த்து விற்றால் அவர் வழக்குப் போடலாம்.

"அப்ளிகேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடலாமே" என்று தோன்றும். 19-வது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை என்று அடையாளம் காட்ட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். நான் வக்கீல் இல்லை; பத்திரம் எழுதுவதென்றால் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் வேலை தேடி நிற்பவரிடம் அப்படி ஒரு கையெழுத்து வாங்குவது சட்டத்தில் செல்லுமா என்பதற்கு முன்னால், அது முறையா என்று யோசியுங்கள். கோவையில் இந்தத் தொழில் சிறிய வட்டம். "அந்தக் கம்பெனி டெஸ்ட் என்ற பேரில் வேலை வாங்குது" என்ற பேச்சு ஒரு மாதத்தில் எல்லாக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விடும்.

உண்மையான வேலையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், கடைசிச் சுற்றுக்கு வந்த ஒருவர் இருவருக்கு ஒரு நாள் வேலையாகக் கொடுத்து, பணமும் கொடுங்கள், ஒப்பந்தமும் போடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு ப்ராஜெக்ட் வேண்டாம். இரண்டு நாள் கொடுத்தால் வேலையில்லாதவர் இருபது மணி நேரம் செய்வார். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உட்காரும் ஒரு அம்மா இரண்டு மணி நேரம் செய்வார். அவர்களை ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

மச்சானின் வெப்கேம்

புரோகிராமிங் டெஸ்ட் நடத்தித் தரும் ஆன்லைன் தளங்களை வாங்குவது தவறில்லை. உலகம் முழுக்கப் பயன்படும் ஹேக்கர்ரேங்க்கைத் தொடங்கிய இருவருமே திருச்சி என்ஐடியில் படித்தவர்கள்தான். நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் அப்படி ஒன்று உதவும். உங்களுக்கு வேண்டியது இரண்டு பேர். முப்பது பேரைக் கால் மணி நேர வடிகட்டலுக்கு அழைத்தால் இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்துவிடும்.

கண்காணிப்பு டெஸ்டைக் கறாராக்கும் என்று மச்சான் நினைக்கிறார். 2020-இல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வகைக் கணக்கை ஒரு குழு தனியறையில் செய்தது. இன்னொரு குழு, பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் வாய்விட்டு விளக்கிக்கொண்டே செய்தது. பார்க்கப்பட்ட குழுவின் திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் குழுவில் இருந்த பெண்களில் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் செய்த பெண்கள் அத்தனை பேரும் சரியாகச் செய்தார்கள். சிறிய ஆய்வுதான், மாணவர்களிடம் நடந்தது. ஆனாலும் தலைக்கு மேல் நின்று பார்த்தால் பதற்றத்தைத்தான் அளக்கிறோம் என்ற சந்தேகம் வர இது போதும். முதல் முக்கால் மணி நேரம் அவரைத் தனியே விடுங்கள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டு அறையை வீடியோ எடுத்து வைத்துக்கொள்வதில் பொறுப்பும் வருகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. எதற்காக எடுக்கிறோம், எப்போது அழிப்போம் என்று சொல்லாமல் முகத்தையும் அறையையும் பதிவு செய்து வைக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று: 20 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்துக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் சம வாய்ப்புக் கொள்கை பற்றிய கூடுதல் கடமைகள் உண்டு. நீங்கள் 22 பேர். பார்வையற்ற புரோகிராமர்கள், திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை செய்கிறார்கள்; அவர்களுக்கு வினாத்தாளைப் படமாகக் கொடுத்தால் ஒன்றும் ஓடாது. அழைப்பு மெயிலில் "டெஸ்டுக்கு ஏதாவது வசதி, கூடுதல் நேரம் தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

அனுபவசாலிகளின் கோபம்

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து வருடம் ஜாங்கோவில் பில்லிங் எழுதியவரை மறுபடி கல்லூரி லேப் தேர்வுக்கு உட்காரவைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் விலக்கு கொடுக்காதீர்கள். அனுபவ ஆண்டுகள் எவ்வளவு குறைவாகக் கணிக்கின்றன என்று மேலே பார்த்தோம். என்ன டெஸ்ட், எவ்வளவு நேரம், யார் பார்ப்பார்கள், ஆபீஸில் தினமும் செய்கிற மாதிரியான வேலைதான் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். நம் ஊரில் ஸோஹோ பட்டத்தைப் பார்க்காமல், மணிக்கணக்கில் புரோகிராம் எழுதவைத்து ஆள் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. டெஸ்ட் என்பதற்காக அங்கே யாரும் போகாமல் இருப்பதில்லை.

டெஸ்டுக்குப் பதில், இப்போதைய கம்பெனியில் எழுதிய கோடைக் காட்டச் சொல்லாதீர்கள். அது அந்தக் கம்பெனியின் சொத்து. அதைத் தயங்காமல் திறந்து காட்டுபவர் நாளை உங்களுடையதையும் காட்டுவார். புரோகிராமர்கள் தங்கள் கோடைப் பொதுவில் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் அவர் பக்கம் காலியாக இருப்பதையும் குறையாக எடுக்க வேண்டாம். சர்வீஸ் கம்பெனியில் இரவு ஒன்பது மணி வரை உழைப்பவர் எப்போது போய் அங்கே எழுதுவார்?

ஏற்கெனவே எடுத்தவர்

அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியமனக் கடிதத்தில் உள்ளபடி நோட்டீஸ் கொடுத்து அனுப்ப உங்களுக்கு வழி இருக்கலாம். அந்தக் கடிதத்தை ஒருமுறை வக்கீலிடம் காட்டுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், இப்போது வேண்டாம். புதிதாக எழுதச் சொன்னால் எழுதுகிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அடுத்தவர் கோடை வாசிக்க அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் ஆபீஸிலும் சொல்லித் தந்ததாகக் கடிதத்தில் இல்லை.

ஆறு வாரம் கொடுத்துப் பாருங்கள். தினம் ஒரு மணி நேரம், சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு உண்மையான புகாரை எடுத்துக்கொள்ளட்டும். கீபோர்டு தம்பியிடம் இருக்கட்டும். கோடை ஓட்டும் முன், எங்கே தப்பு இருக்கும் என்று நினைக்கிறார் என்பதை ஒரு காகிதத்தில் எழுதவையுங்கள். பிறகு புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கும் பிரேக்பாயிண்ட் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தி, அவர் நினைத்தது சரியா என்று பார்க்கட்டும். முதல் இரண்டு வாரம் சீனியருக்குப் பொறுமை போகும், அதற்கு அவரைத் தயார் செய்துவிடுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகும் அந்தக் காகிதத்தில் எழுதுவதற்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லை என்றால், புதிய மாட்யூல்களை மட்டும் கொடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் நேரடியாகச் சொல்லி, அனுபவச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் சீனியரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பழைய மாட்யூலை எழுதியவர் யார், அதில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்க அவருக்கே எவ்வளவு நேரம் ஆகிறது? அவருக்கும் ஒரு நாள் ஆகிறது என்றால், முதலில் ஆள் தேவைப்படுவது அந்த மாட்யூலைச் சுத்தம் செய்வதற்குத்தான்.